சொட்டும் குழாயும் நாம் மறந்த வரலாறும்



நாங்கள் புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடியேறி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில் அம்மா என்னிடம், "ஏன்யா, ராத்திரி பூரா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கே, உனக்குக் கேக்கலையா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. "புதுவீடும்மா, குழாயெல்லாம் புதுசு. அதெல்லாம் ஒன்னும் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டேன்.

மறுமாதம் வந்த தண்ணீர்க் கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகே அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. மாடிக் கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் மிதவை முழுமையாக மேலெழாமல் சிக்கியிருந்தது. தொட்டி நிறைந்த பின்னும் தண்ணீர் உள்குழாய் வழியாக ஓசையின்றி வழிந்துகொண்டே இருந்தது. கொல்லைப்புறக் குழாயும் சொட்டியது. பழுது பார்க்க வந்த பிளம்பர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். அவர் மாற்றிய உறுப்புகளுள் ஒன்று, ஐந்து காசு அளவே இருந்த ஒரு கறுப்பு வாஷர்.

தேய்ந்த அந்தப் பழைய வாஷரை அம்மா கையில் வாங்கி, அமுக்கிப் பார்த்து, "ரப்பரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அது. அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாம் மாணவர்களுக்கு அணைகளின் வரலாற்றைக் கற்பிக்கிறோம். அரண்மனைகளின் வரலாற்றைக் கற்பிக்கிறோம். யார் கட்டினார், எப்போது கட்டினார் என்று தேர்வில் கேட்கிறோம். கட்டியதை யார் காத்தார் என்று கேட்பதில்லை. ஆனால், மனிதனின் வீட்டுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த வரலாற்றைப் படிக்கும்போது, கட்டுதல் அதில் பாதிக்கதை மட்டுமே என்பது விளங்குகிறது. காத்தல்தான் மறுபாதி.

உரோமும் உத்திரமேரூரும்

'பிளம்பர்' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். இலத்தீன் மொழியில் 'பிளம்பம்' என்றால் ஈயம். பண்டைய உரோமானியர்கள் ஈயத் தகடுகளை வளைத்துக் குழாய்கள் செய்தனர். ஈயக் கம்மியரைக் குறித்த பெயரே பின்னர் குழாய் வேலை செய்பவரின் பெயராயிற்று. ஈயத்தின் வேதிக்குறியீடும் அச்சொல்லிலிருந்து பிறந்ததே. ஈயம் உடலுக்கு நஞ்சு என்பது உறுதிப்பட்ட பிறகு அக்குழாய்கள் கைவிடப்பட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உரோம நகரின் நீர்ப்பாலங்களைப் புகழாத வரலாற்று நூல் இல்லை. ஆனால், கி.பி. 97ஆம் ஆண்டில் அந்நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ் என்னும் அதிகாரியைப் பலர் அறிய மாட்டார்கள். அவர் புதிதாக எதையும் கட்டிப் புகழ் தேடியவர் அல்லர். இருந்த கால்வாய்களை நேரில் நடந்து பார்த்தார். உள்ளே புகும் நீரையும் வெளியே வரும் நீரையும் கணக்கிட்டார். கசிவாலும் திருட்டுக் குழாய்களாலும் பெரும்பங்கு நீர் காணாமற்போவதைக் கண்டறிந்து, ஒரு நூலாகவே எழுதி வைத்தார். கால்வாய்களைக் காக்க அங்கே இரண்டு பணியாளர் குழுக்கள் இருந்தன. ஒன்றில் 240 பேர், மற்றொன்றில் 460 பேர். ஆக மொத்தம் 700 பேர். அக்கால்வாய்கள் பல தலைமுறைகளுக்கு நீர் தந்ததற்குக் கல்லும் காரையும் மட்டும் காரணமல்ல. நாள்தோறும் நடந்து பார்த்த அந்த 700 பேரும் காரணம்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் பெரும்பாலும் பாடத்தில் குறிப்பிடுகிறோம். அந்தக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஏரி வாரியத்தைச் சேர்ந்த 6 பேரும் உண்டு. அவர்களது பதவிக்காலம் 360 நாள்கள். ஏரியை வெட்டியவர் யாராயினும், அதைக் காக்க ஆண்டுதோறும் ஆள் வேண்டும் என்பது அவர்களது தெளிவு. ஏரி, குளம், வாய்க்கால்களை ஊரார் கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்குக் 'குடிமராமத்து' என்று பெயரும் இருந்தது. மராமத்து என்னும் சொல்லை இன்று எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

திருகும் குழாய் பிறந்த கதை

இனி நம் வீட்டுக் குழாய்க்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் ஏழைகளின் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் நாள் முழுவதும் வரவில்லை. சில மணி நேரமே வரும். அதுவும் தெருவில் நின்ற பொதுக் குழாயில்தான் வரும். வரும் நேரத்தில் ஓடிச்சென்று பீப்பாய்களிலும் வாளிகளிலும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கு இக்காட்சி புதிதன்று.

1831ஆம் ஆண்டில் நாட்டிங்காம் நகரில் தாமஸ் ஹாக்ஸ்லி என்னும் இளம்பொறியாளர், அழுத்தத்துடன் இடைவிடாது தண்ணீர் வழங்கும் நிலையத்தை அமைத்தார். தண்ணீர் எப்போதும் வந்தால் மக்கள் வீணாக்கிவிடுவார்கள் என்று அக்காலத்தில் வாதிட்டோர் இருந்தனர். ஹாக்ஸ்லி அதை ஏற்கவில்லை. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் வெளியிலுள்ள அழுக்கு உள்ளே புகாது என்பதும் அம்முறையின் பெரும் பயன்.

ஆனால், புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. அன்றைய குழாய்களின் வாயில் ஒரு கூம்பு வடிவ அடைப்பு இருந்தது. அதன் நடுவே ஒரு துளை இருக்கும். அதைத் திருப்பினால் துளை நேராகித் தண்ணீர் வரும். மீண்டும் திருப்பினால் நிற்கும். உலோகமும் உலோகமும் உராய்வதால் அது விரைவில் தேய்ந்து கசியும். மேலும், ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்துவதால் குழாய் முழுவதும் சம்மட்டியால் அடித்தாற்போல் அதிரும். புதிய அழுத்தத்தைப் பழைய குழாய்கள் தாங்கவில்லை.

இதற்கு விடையாக 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோதரம் நகரைச் சேர்ந்த எட்வர்ட் கிரைம்ஸ் திருகுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவம் எளிது. கைப்பிடியைத் திருகும்போது ஒரு தண்டு மெல்லக் கீழிறங்கும். தண்டின் அடியில் மெத்தென்ற ஒரு வட்டு இருக்கும். அந்த வட்டு, நீர் வரும் துளையின் விளிம்பில் பொருந்தி அமர்ந்து அதை அடைத்துவிடும். நீர் படிப்படியாக நிற்பதால் அதிர்ச்சி இல்லை. தேய்வது அந்த மெல்லிய வட்டு மட்டுமே. அதை மட்டும் மாற்றினால் போதும். குழாய் பல்லாண்டு உழைக்கும். அந்த வட்டைத்தான் நாம் வாஷர் என்கிறோம்.

குழாயைச் செய்தவர் அதன் ஓர் உறுப்பைத் தேய்வதற்கென்றே வைத்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. எனவே, குழாய் சொட்டினால் உடனே பலம் கொண்ட மட்டும் இறுக்குவது தவறு. இறுக்க இறுக்க வாஷர் நசுங்கும். அதையும் மீறி இறுக்கினால் உலோக விளிம்பில் கீறல் விழும். பிறகு புது வாஷர் போட்டாலும் சொட்டு நிற்காது. பிள்ளைகளுக்கு 'இறுக்கி மூடு' என்று சொல்வதைவிட 'நிற்கும்வரை மூடு' என்று சொல்லிக் கொடுப்பதே சரி.

வாஷருக்குள் நம் தோட்டம்

தொடக்கத்தில் வாஷர்களைத் தோலால் செய்தனர். பின்னர் ரப்பர் வந்தது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றி அதை உறுதிப்படுத்தும் முறைக்கு 1844ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் அம்முறைக்கு உரிமை பெற்றிருந்தார். திருகுக் குழாய்க்கும் உறுதியான ரப்பருக்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி. இரண்டும் பின்னர் ஒன்றுசேர்ந்தன.

உலகத்தின் ரப்பர் தேவை பெருகியது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு நடந்தவை நம் குடும்பக் கதைகள். கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார் காட்டை அழித்தனர், கன்று நட்டனர், விடியுமுன் பிரட்டுக்கு நின்றனர், மங்கில் பால் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்தனர்.

உலகத்து நகரங்களின் வீடுகளில் தண்ணீரைக் கட்டுப்படுத்தப் பயன்பட்ட ரப்பர் இவ்வாறு நம்மவர் கைகளின் வழியாகச் சென்றது. அவர்கள் வாழ்ந்த லயத்து வீடுகளுக்குள்ளோ குழாய் இல்லை. தொடக்கக் காலத்தில் ஆறும் கிணறும்தான். பின்னர் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாயடி வந்தது. 'குழாயடிச் சண்டை' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் தொடருக்குப் பின்னால், இருபது குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்ற நிலைமை இருந்தது. சண்டையிட்ட பெண்களைக் குறை சொல்லும் முன்னர் அவர்களுக்கு எத்தனை வாளி கிடைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மா சொல்வார்: "லயத்துக் குழாய் சொட்டுனா, அதுல ஒரு துணியக் கட்டி வாளிக்குள்ள விட்டுட்டு வேலைக்குப் போவோம். திரும்பி வரையில முக்கா வாளி இருக்கும். அந்தத் தண்ணியில உன்னக் குளிப்பாட்டியிருக்கேன்." இரவு முழுவதும் ஓடிய தண்ணீர் எங்களுக்குக் கேட்காமல் அவருக்கு மட்டும் கேட்டதன் காரணம் இதுதான்.

1966ஆம் ஆண்டில்தான் தொழிலாளர்களின் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் மலேசியாவில் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் வந்த சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய் நீரை முதலாளி இலவசமாக வழங்க வேண்டும் என்று கடமையாக்கியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது நம் சமுதாயத்தில் பலருக்கு ஒரே தலைமுறைப் பழக்கம்தான்.

இன்றைய வாஷர்களும் வளையங்களும் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை. எல்லாம் பால்மரத்திலிருந்து வந்தவை அல்ல. ஆயினும், அந்தச் சிறு வட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும் என்பதில் ஐயமில்லை.

வளைகுழாய் காத்த உயிர்கள்

கைகழுவும் தொட்டியின் அடியில் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் நேராக இறங்காமல் ஒருமுறை வளைந்து மேலேறிப் பிறகு இறங்கும். இடத்தை அடைக்கும் அந்த வளைவு எதற்கு என்று என் மகள் கேட்டாள்.

1775ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கம்மிங் என்னும் கடிகாரக் கம்மியர் கழிவறைக்கு அந்த வளைவை அமைத்துக் காப்புரிமை பெற்றார். ஆங்கில எழுத்து 'எஸ்' போன்ற அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கியிருக்கும். அந்த நீரே கதவு. சாக்கடையின் நாற்றமும் காற்றும் வீட்டுக்குள் வராமல் அது தடுக்கிறது. விசையோ பூட்டோ இல்லாத அந்தக் கதவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. அது காயக்கூடாது.

காய்ந்தால் என்னவாகும் என்பதை 2003ஆம் ஆண்டு உலகம் பார்த்தது. அவ்வாண்டு சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களுள் ஒன்று, குளியலறைத் தரையிலிருந்த வடிகாலின் வளைகுழாய்கள் நீரின்றி வறண்டிருந்தது. தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் அவ்வளைவுகளுக்கு நீர் செல்லவில்லை. திறந்துகிடந்த அந்தக் கதவின் வழியாகக் கழிவுக் குழாயின் ஈரக்காற்று வீடுகளுக்குள் புகுந்தது.

புதுவீட்டில் விருந்தினர் அறை, மாடிக் குளியலறை என்று நாம் பயன்படுத்தாத இடங்கள் உண்டு. வாரம் ஒருமுறை அங்குள்ள ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். செலவில்லாத காவல் இது.

நாடும் வீடும்

பெரிய வரலாறும் இதையே சொல்கிறது. சிங்கப்பூரில் 1857ஆம் ஆண்டு தான் கிம் செங் என்னும் வணிகர், நகருக்குக் குடிநீர் கொண்டுவர 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். திட்டம் நீண்டது. 1864ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் விரும்பிய நீர் நகருக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1882ஆம் ஆண்டில் அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுப்பப்பட்டது.

நம் நாட்டிலோ மழைக்குப் பஞ்சமில்லை. எனினும் 1991ஆம் ஆண்டில் மலாக்காவின் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டது. 1998ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பல மாதங்கள் நீர்ப்பங்கீட்டில் வாழ்ந்தனர். வாளிகளுடன் லாரிக்காகக் காத்திருந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கட்டணம் பெறப்படாமலே போய்விடுகிறது. குழாய்க் கசிவு, திருட்டு, மீட்டர்ப் பிழை ஆகியவை காரணங்கள். ஃபிரான்டினஸ் கணக்கெடுத்தவையும் கிட்டத்தட்ட இவையே. இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் எதிரி மாறவில்லை.

நாட்டுக் குழாய்களை நாம் செப்பனிட இயலாது. மீட்டருக்கு இப்பால் உள்ளவை நம் பொறுப்பு. பட்டறிவால் நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு குழாய் உடைந்தால் முதலில் மூட வேண்டியது அதுதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மூடித் திறந்து பாருங்கள். தொடாமலே விட்ட வால்வு, தேவைப்படும் நாளில் திரும்பாது.

இரண்டாவது, மீட்டர்ச் சோதனை. இரவு அனைத்துக் குழாய்களையும் மூடுங்கள். கூரைத் தொட்டி நிறைந்திருக்கட்டும். மீட்டரின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் தொடும் முன்னர் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஃபிளஷ் தொட்டியின் மீது ஐயம் இருந்தால் அதில் சிறிது சமையல் நிறத்தைக் கலந்து அரை மணி நேரம் காத்திருங்கள். கழிவறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் அடைப்பு ரப்பர் சரியில்லை. என் வீட்டில் நடந்ததுபோல் மேலே வழிந்தால் மிதவையைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, புதுக்குழாய்களுக்குள் கட்டுமான மணலும் சிமெண்டுத் துகளும் தங்கியிருக்கும். இன்றைய கால்சுற்றுக் குழாய்களில் வாஷருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் வட்டுகள் இருக்கின்றன. மணல் அவற்றைக் கீறிவிடும். குழாய் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றிச் சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, வலையைக் கழுவிப் பொருத்துங்கள். அந்த நீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றலாம்.

நான்காவது, திருகு இணைப்புகளில் சுற்றும் வெள்ளை டேப். இதன் மூலப்பொருளான டெஃப்லானை 1938ஆம் ஆண்டில் ராய் பிளங்கெட் குளிர்ப்பதன வாயுக்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்டறிந்தார். திருகு மரை சுழலும் திசையிலேயே அதைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பொருத்தும்போதே கழன்று சுருண்டுவிடும்.

ஐந்தாவது, கூரைத் தொட்டி. மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த தொட்டி ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அடியில் படிந்த வண்டலை அகற்றச் செய்யுங்கள். உயரத்தில் ஏறும் வேலையைப் பழகியவரிடம் விடுவதே நல்லது.

கடைசியாக ஒன்று. மேம்பாட்டாளரிடமிருந்து புதுவீடு வாங்குவோருக்கு, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் குறைதீர்ப்புக் காலம் உண்டு. குழாய்க் கசிவு, சுவர் ஈரம், வடிகால் அடைப்பு ஆகியவற்றைத் தேதியுடனும் படத்துடனும் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். புதுவீடுதானே என்று நான் இருந்ததுபோல் இருந்துவிடாதீர்கள்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

கொல்லைக் குழாயின் வாஷரை மாற்றுவதற்கு முன்னர் அதன் அடியில் ஓர் அளவுக் குவளையை வைத்துப் பத்து நிமிடங்களில் எத்தனை மில்லிலிட்டர் சேர்கிறது என்று மகளை அளக்கச் சொன்னேன். 90 மில்லிலிட்டர் சேர்ந்தது. ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் உள்ளன. பெருக்கிப் பார்த்தாள்: 12,960 மில்லிலிட்டர். ஏறத்தாழ 13 லிட்டர். "அப்படின்னா பாட்டி சொன்ன வாளிக் கணக்கு சரிதான்பா" என்றாள்.

நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொள்ளளவும் பெருக்கலும் கற்பிக்கும்போது இதைச் செய்து பார்க்கலாம். சொட்டும் குழாய் இல்லாத பள்ளி அரிது. அளந்த பிறகு அக்குழாயைப் பழுதுபார்க்கச் சொல்லித் தலைமையாசிரியருக்கு மாணவர்களே ஒரு கடிதம் எழுதட்டும். கணிதமும் கட்டுரைப் பயிற்சியும் ஒருசேர நடைபெறும். குழாய் சரிசெய்யப்பட்ட நாளில், தாங்கள் படித்ததால் ஒன்று நடந்தது என்னும் மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கும்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். மழையைப் போற்றுவது நம் மரபு. வானம் கொடுத்த நீர் வீட்டுக்குள் வந்தபின் அதைக் காப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே.

தேய்ந்த அந்த வாஷரை நான் எறியவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த தவணை, ரப்பர் பற்றிய பாடம் வரும்போது வகுப்புக்கு எடுத்துச் செல்லப் போகிறேன். அம்மா இப்போதும் படுக்கப் போகும் முன்னர் ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு கணம் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் செல்கிறார். சில நாள்களாக மகளும் அவர் பின்னால் நடக்கிறாள்.